கிழங்குக்காரனுக்கு ஒரு வரவுப் பாட்டு

சிசிலியில், பிரான்காச்சோவிலிருந்து போகும் பஸ்ஸில், நின்றபடி ஓர் ஆபிரிக்க நாவலைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எண்ணம் வந்தது. நைஜீரியாவில் ஓர் இக்போ கிராமம். கிழங்கு நட்டுப் பெயரெடுத்த ஒரு மனிதன். பிறகு வெள்ளைக்காரரின் கோயிலும் கோர்ட்டும் ஊருக்குள் வருகின்றன. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு இத்தாலியனில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வீட்டுக்கு ஆள் வந்தால் முதல்லை கோலாக் கொட்டை உடைச்சுக் குடுப்பினமாம்."

"எங்கடை வெத்திலைத் தட்டம் மாதிரி. கிழங்கு என்ன, இராசவள்ளியோ?"

"ஓம், அந்தச் சாதிதான்."

அதற்குப் பிறகு அம்மா இறங்க வேண்டிய தரிப்பு பின்னால் போய்விட்டது. வேலை வீட்டுச் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்து, பஸ் பிந்திவிட்டது என்றார். அம்மாவையே தரிப்பை மறக்கவைத்த கதை, எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளில் சனத்தை என்ன பாடு படுத்தும்? இந்த வருடக் கூத்து இதுதான் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

கூத்துப் பழக்குகிற மாமா போர்கோ வெக்கியோவில் இருக்கிறார். மன்னார்க்காரர், ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. வருடா வருடம் அவர் போடுவது வேதசாட்சிக் கூத்து: ஓர் அரசன், ஒரு புனிதர், கடைசியில் வெட்டுப்பட்ட ஒரு தலை.

"நல்ல கதை, பிள்ளை. வெள்ளைக்காரச் சுவாமி எப்ப வாறார்?"

"பாதிக்குப் பிறகு, மாமா."

"அவ்வளவு நேரமும் சனம் கிழங்கைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

முதல் ஒத்திகைக்கு வந்த நாலு ஆண்களும் வெள்ளைக்காரப் பாதிரியான சுவாமியின் வேடத்தைக் கேட்டார்கள். கிழங்குக்காரன் வேடத்துக்கு ஒருவருமில்லை. எங்கள் கூத்தில் ஞானஸ்நானம் வேண்டாமென்று நிற்கிறவன் அரசன், அரசன் கெட்டவன். அந்தப் பழக்கத்தில் மாமா கிழங்குக்காரனுக்கும் கொடுங்கோலனின் வரவுப் பாட்டைக் கட்டியிருந்தார். மண்வெட்டியோடு வருகிற மனிதன் கண்ணை உருட்டி மீசையை முறுக்க வேண்டும். கதை முடிவில் அவன் தலையில் ஞானஸ்நானத் தண்ணீரும் ஊற்றிவிட்டார்.

"முடிவை மாத்தினால் நான் கதை தரமாட்டன், மாமா."

"தராட்டி விடு. பழைய கூத்து இருக்குது."

அம்மா கபோச் சந்தைப் பக்கத்து நைஜீரியக் கடையில் வாங்கிய கிழங்கை அவித்துக்கொண்டு வந்திருந்தார். தட்டை மாமாவின் முன் வைத்தார்.

"அண்ணை, உந்த மனிசன் ஆற்றை தலையை வெட்டினவன்?"

அவன் வெட்டுகிற பக்கங்களை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மாமா ஒரு துண்டைச் சம்பலோடு மென்றார். இன்னொன்றையும் எடுத்தார். பிறகு எழுந்து, நல்ல அரசர்களுக்கு வைக்கிற மெட்டில் அதே பாட்டைப் பாடி, மெதுவாக நடந்து வந்தார். கண் உருளவில்லை. சுவாமியின் வெள்ளை அங்கிக்குச் சண்டை பிடித்த நாலு பேரும் வாய் பார்த்து நின்றார்கள்.

"நானே உவனாய் நிக்கிறன்," என்றார். "ஆனால் முடிவை எங்கடை பங்குச் சுவாமி ஓம் எண்டால்தான் விடுவன்."

பங்குச் சுவாமி சிசிலிக்காரர். தமிழில் 'சுகமோ' மட்டும் தெரியும். நாவலில் வருகிற சுவாமியும் மொழிபெயர்க்க ஆள் வைத்துத்தான் பேசுகிறார். ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும், அந்த வேடத்தை நீங்களே போடுங்கள் என்று கேட்கப்போகிறேன். அவர் சம்மதித்தால் நாலு பேரும் ஊர்ச்சனம் ஆவார்கள். கிழங்குக்காரன் கடைசிவரை மனம் மாறமாட்டான் என்பதை அவரிடம் எப்போது சொல்வது என்பதுதான் யோசனை.

"முதல்லை கிழங்கைக் குடு," என்கிறார் அம்மா. "அவர் சாப்பிட்டு முடியட்டும்."