முதலடியோடு நின்ற அம்பா

வல்வெட்டித்துறையில் ஒரு கோயில் அன்னதானத்தில் வயசுபோன பொன்னம்பலத்தாரின் கை தவறி, பாயாசம் பக்கத்து இலைகளிலும் ஊற்றுண்டது. ஆக்கள் திரும்பிப் பார்க்க முதல், அருகில் இருந்த பிரணவன் தன்ரை தண்ணிப் பேணியையும் சரித்துவிட்டு, தான்தான் தட்டிப்போட்டது என்று சொல்லிச் சால்வையால் துடைத்தான். ஏச்சு முழுதும் அவனுக்கே விழுந்தது.

அந்தப் பிரணவனைத்தான் ஊர் ராப் பெடியன் என்று நக்கலடித்தது. நெல்லியடியில் படிக்கிற காலத்திலேயே தாளத்தோடு வேகமாய்க் கதைக்கிற பாட்டென்றால் அவனுக்குப் பைத்தியம். கூட்டாளி ஜெயசுதனின் கிற்றாரோடு உடுக்கையையும் காவடிச் சிந்தையும் கலந்து பாடி யூடியூபில் போட்டான். கொழும்பில் மேடை கிடைத்தது. பிறகு பிரான்சில் இருந்தும் கூப்பிட்டார்கள். தகப்பன் முத்துக்குமாருவுக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. "உவன் ஆரோடை சண்டை பிடிக்கிறான்?" என்று மனுசியிட்டைக் கேட்பார்.

முத்துக்குமாரு ஒருகாலம் கரைவலை இழுத்தவர். இழுக்கிறவர்களுக்குக் களை தெரியாமல் இருக்க அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவரும் அவர்தான். பொம்பிளையள் இல்லாத கடற்கரையில் அதில் சொல்லக்கூடாத வரிகளும் வரும். பின்னாளில் திருநீறும் தேவாரமுமாகக் கோயிலே கதியென்று ஆனபிறகு, அந்த வரிகளை நினைத்தாலே அவருக்குக் கூச்சம்.

பூங்காவனத் திருவிழா அன்று பின்னேரம் கோயில் வீதியில் மேடை. பிரணவன் மைக்கைப் பிடித்து, அப்பாவின் அம்பா ஒன்றின் முதலடியை எடுத்தான். பழைய வலைக்காரர் சிலர் சிரித்தபடி முத்துக்குமாருவைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வரி என்னவென்று அவருக்குத் தெரியும். முன்னால் பெண்டுகள், பிள்ளைகள். எதிரே அம்மன் வாசல். உடம்பெல்லாம் கூச, எழும்பிப்போய் ஒலிபெருக்கிக்காரனிடம் நிற்பாட்டச் சொன்னார். பிரணவனின் வாய் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அசைந்தது. பிறகு தகப்பன் நிற்கிற இடத்தைக் கண்டான். சனத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

விடியப் பொன்னம்பலத்தார் முத்துக்குமாருவின் வீட்டுப் படலையடிக்கு வந்தார். அவரும் அந்த வலையை இழுத்தவர்தான்.

"பெடியன் என்னட்டை வந்து வரிவரியாய்க் கேட்டவனடா. கூடாததெல்லாத்தையும் எடுத்துப்போட்டு, அந்த இடத்திலை கடலோடை போன எங்கடை ஆக்களின்ரை பேரை வைச்சவன். அடுத்த வரி உன்ரை தம்பியின்ரை பேர்."

முத்துக்குமாருவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றைக்கு அம்மனுக்கு விளக்கு வைக்கவும் அவர் கோயிலுக்குள்ளே போகவில்லை.

பிரணவன் பிரான்சுக்குப் போகக் கொழும்பு பஸ் ஏறிய அன்று சந்திவரை கூடவே போனார். மன்னிப்புக் கேட்கவென்றுதான் போனார். பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வரவில்லை. வீதியில் ஒலிபெருக்கி கட்டுகிற நாட்களில் முத்துக்குமாரு இப்பவும் மற்றப் பக்கத்தால் சுற்றித்தான் கோயிலுக்குப் போவார்.

பஸ் படியில் கால் வைத்தபடி அவன் கடைசியாய்ச் சொன்னது இதுதான்:

"அண்டைக்குப் பாட்டு ஏன் நிண்டதெண்டு ஆரும் கேட்டால் கரண்ட் போனதெண்டு சொல்லுங்கோ அப்பா. நானும் அப்பிடித்தான் சொன்னனான்."