மைனி கேட்ட ரத்தம்

அண்ணன் என் வேலையை ஒருநாளும் மதித்ததில்லை. அவனுக்கு எங்கள் ஊரான பனச்சமூட்டில் ஹார்டுவேர் கடை. எனக்குத் திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில், புற்றுநோயோடு நம் டி செல்கள் எப்படிச் சண்டையிடுகின்றன என்று எலிகளை வைத்துப் பார்க்கும் வேலை. இருபது வருடத்துக்கு மேலாகிறது. கடைக்கு வருகிறவர்களிடம், “எனக்க தங்கச்சிக்கு எலியக் கொல்லுத வேலையாக்கும்” என்பான். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வான். நானும் விட்டுக்கொடுத்ததில்லை. வருடக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம்.

பிறகு அவனுக்குச் சிறுநீரகத்தில் புற்று வந்தது. கண்டுபிடிக்கும்போதே நுரையீரலுக்கும் பரவியிருந்தது. டாக்டர் புது ஊசி மருந்து ஒன்றைச் சொல்ல, ஸ்கேன் கவரோடு, ஊரிலேயே இருக்கும் என் வீட்டுப் படியேறினான்.

“போடலாமா மக்கா, சொல்லு.”

விளக்கினேன். டி செல்கள் ரத்தத்தில் சுற்றி, கெட்டுப்போன செல்களைத் தேடிக் கொல்பவை. புற்று அவற்றுக்குப் பிரேக் போட்டு வைக்கிறது. மருந்து அந்தப் பிரேக்கை எடுத்துவிடும். ஆனால் சிலருக்கு, அவிழ்ந்த செல்கள் சொந்த உடம்பையே தாக்கும்.

“ஒனக்க எலிக்குக் கேட்டுதா?”

“சில எலிக்கு.”

“அப்ப நானும் ஒரு எலியாக்கும்.” அவன் சிரிக்கவில்லை. போடு என்றேன்.

மூன்றாவது ஊசிக்குப் பின் நுரையீரல் கட்டிகள் பாதியாகச் சுருங்கின. மைனி, அதாவது அண்ணன் மனைவி, எனக்குப் பலாச்சுளை கொடுத்தனுப்பினாள். ஐந்தாவது ஊசிக்குப் பின் வயிற்றுப்போக்கு தொடங்கியது. பிறகு ரத்தமாகப் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசியை நிறுத்தினார்கள். அவன் குடலை டி செல்கள் தின்றுகொண்டிருந்தன.

ஆய்வுக்கு ரத்தம் தருவாயா என்று அவனிடம் கேட்டேன். படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டான். நர்ஸ் நான்காவது குழாயை நிரப்பும்போது மைனி கஞ்சியோடு உள்ளே வந்தாள்.

“ஆளு கெடக்க கெடப்பப் பாத்தும் ஒனக்கு ரத்தம் வேணுமா? இதுக்காகவா அந்த ஊசியப் போடச் சொன்ன?”

“நான் ஒப்புப் போட்டுக் குடுத்ததாக்கும். நீ சும்மா இரி” என்றான் அண்ணன்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. கட்டிலருகே நின்றபோது என் தலையில் அவன் வலி மட்டும் ஓடவில்லை. மறுநாள் செய்யவேண்டிய சோதனையும் ஓடியது.

பத்து நாளில் குடல் ஓட்டையாகி இறந்தான். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மைனி என்னைக் கைகாட்டி, “இவளாக்கும் கொன்னது” என்றாள்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பஸ் மாறித் தனியாக ஆய்வக வாசலுக்கு வந்து நின்றாள்.

“அவருக்க ரத்தம் மிச்சம் உண்டா?”

“உண்டு.”

“தா. அவர அடக்கின குழியில ஊத்தணும்.”

“அண்ணன் தந்தது, மைனி. தர மாட்டேன்.”

“அவரு செத்தாச்சு.”

“அதனாலதான் தர மாட்டேன்.”

கேட்டருகே காறித் துப்பினாள். “எனக்க முற்றத்துல இனி ஒனக்க கால் படப்பிடாது.”

கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்றாள் என்னுடன் வேலை செய்யும் தோழி. முடியாது என்றேன். அண்ணன் என் வேலைக்கென்று தந்தது அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், மைனியை ஜெயிக்கவும் வேண்டியிருந்தது.

சொந்த அண்ணனின் ரத்தம் என்பதால் சோதனையில் நான் தலையிடவில்லை. மாதிரிக்கு ஒரு எண் கொடுத்து அந்தத் தோழிதான் செய்தாள். புற்றைத் தின்ற செல் கூட்டமும் குடலைத் தின்ற கூட்டமும் வேறுவேறு போலத் தெரிந்தது. அப்படியானால் ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் கட்டிப்போட ஒருநாள் வழி பிறக்கலாம். ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். மைனிக்கு இதைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள்.

சென்ற மாதம் அண்ணன் மகளுக்கு நெய்யாற்றின்கரையில் கல்யாணம். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கார்டு வந்தது, எனக்கு வரவில்லை. அன்று நான் வேலைக்குப் போன பஸ், நெரிசலில் அந்த மண்டபத்தின் முன்னே நின்றுவிட்டது. வாசலில் மைனி விருந்தாளிகளை அழைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் என்னைக் கண்டதும் அவள் கும்பிட்ட கை இறங்கியது. பஸ் நகரும்வரை முறைத்தபடியே நின்றாள். நானும் கண்ணை எடுக்கவில்லை.