கடனில் வரவிருந்த மதகு

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரசாங்கப் பணம் எதற்கு வெளியே போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. கூடாது என்று சொல்வதில் எனக்கு மாவட்டத்தில் நல்ல பெயர் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு வலங்கைமான் பக்கத்தில் எங்கள் நிலத்தோடு வந்து சேர்ந்தேன். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர் ஒரு பெண்மணி. கணவருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. விவசாயம் முழுக்க இவர் கையில். வாய்க்காலின் தலைமதகை ஒட்டிய முதல் வயல் எங்களுடையதுதான். அந்த மதகில் பலகையைத் தூக்கும் திருகுக் கம்பி தேய்ந்துபோய், சக்கரத்தைச் சுற்றினால் சக்கரம் மட்டும் சுற்றியது.

மதகுக்குப் பொறுப்பான பொறியாளரிடம் போனோம்.

"பராமரிப்புக்குப் பைசா இல்ல சார். புதுசா ஒரு மதகு வேணும்னா கேளுங்க, கிடைக்கும்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. மதகு கட்டினால் அது சொத்து, மூலதனச் செலவு. அதற்குக் கடன் வாங்கலாம். கடன் கொடுத்தவர்களும் வந்து முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கட்டிய மதகுக்கு எண்ணெய் போடுவது வருவாய்ச் செலவு. அதை அந்த ஆண்டு வருமானத்திலிருந்துதான் போட வேண்டும். வருமானமோ சம்பளம், ஓய்வூதியம், பழைய கடனுக்கு வட்டி என்று முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும். ஓய்வூதியத்தில் என்னுடையதும் அடக்கம் என்பதால் இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்வதில்லை. முதல் பந்திக்கே சோறு போதாவிட்டால் அதற்கும் கடன் வாங்குவார்கள். அதற்கு வருவாய்ப் பற்றாக்குறை என்று மரியாதையான பெயர் உண்டு. எண்ணெய்க்கு அந்த மரியாதையும் கிடையாது.

ஆகவே புது மதகு கேட்டு மனு எழுதினேன். பழையது பயனற்றது என்று சான்று இருந்தால்தான் புதியது கிடைக்கும். பொறியாளர் அந்த வாக்கியத்தில் தடுமாறியதால், "பழுது நீக்க இயலாத அளவுக்குச் சிதைந்துவிட்டது" என்று நானே எழுதிக் கொடுத்தேன். கோப்பு நகர்ந்து, எங்கள் மதகு பட்டியலில் ஏறியது. மேலதிகாரி வந்து பார்வையிட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மதகுப் பலகை மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாற்றங்காலுக்கு மட்டும் கிடைத்த போர்வெல் தண்ணீரில் வளர்ந்த குறுவை நாற்று நடவுக்குக் காத்திருந்தது. அந்த அம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், புது மதகு எப்ப வரும்?"

"இந்த நிதியாண்டுக்குள்ள வந்துடும்மா."

"அது எப்ப முடியுது?"

"மார்ச்."

"என் நாத்துக்கு இருபத்தஞ்சு நாளாச்சு சார். இன்னும் ஒரு வாரம் போனா அறுத்து மாட்டுக்குத்தான் போடணும்."

நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், துணை மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் முடிஞ்சு வர்ற தண்ணியில நீங்க குளிச்சுக்கத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே புதுத் திருகுக் கம்பிக்காக வசூலுக்குக் கிளம்பிவிட்டார். வாய்க்காலில் பொது வேலை என்றால் அவரவர் நிலத்தின் அளவுப்படி, மாவுக்கு இவ்வளவு என்று கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்று மா ஒரு ஏக்கர். மாவுக்கு இருநூறு ரூபாய் என்று தீர்மானித்ததும் அவர், வசூலித்ததும் அவர். விவாதம், வெளிநடப்பு எதுவும் இல்லை. இழுத்தடித்த ஒருவரிடம், "குடுக்காதவங்க வயலுக்கு மடை தொறக்காது" என்றாராம். வரிக் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

கடைசியாக என்னிடம் வந்தார். பெரிய பங்கு என்னுடையது. அது இல்லாமல் கம்பி வராது.

"நிலத்தை நீங்கதானே சாகுபடி பண்றீங்க?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"மடை வெட்டுறது குத்தகைக்காரர் பாடு சார். கம்பி இன்னும் இருபது வருசம் நிக்கும். அது நிலக்காரர் பாடு."

மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு இரண்டும் அவருக்கு அத்துப்படியாக இருந்தது.

"அரசுச் சொத்துல நாம கை வைக்கக் கூடாதும்மா. இந்த மதகு ஓடிச்சுன்னா புது மதகு போயிடும். வியாழக்கிழமை அதிகாரி வர்றார். அவர் பாத்துட்டுப் போற வரைக்கும்..."

"வியாழக்கிழமைக்கு நடவு ஆளு சொல்லியாச்சு சார்."

பணத்தைக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் ரசீது கேட்டேன். கம்பி வந்ததும் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கும்பகோணம் லேத் பட்டறையில் கம்பி தயாராகி, புதன்கிழமை மாலை நான்கு பேர் சக்கரத்தில் தொங்கிப் பலகையைத் தூக்கினார்கள். வியாழக்கிழமை ஜீப் வரும்போது, சிதைந்துவிட்ட மதகின் வழியாகத் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது.

ஜீப்புக்கு முன்னாலேயே வந்துவிட்ட பொறியாளர் என் காதில் சொன்னார்: "பத்து நிமிஷம் மூடச் சொல்லுங்க சார். அவர் போனதும் தொறந்துக்கலாம்."

அம்மாளிடம் சொன்னேன்.

"தூக்கவே நாலு பேர் தொங்கினாங்க. மூடினப்புறம் வராம போனா யாரு தொங்குறது, நீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாற்றுக் கட்டை எடுத்து வீசினார்.

அதிகாரி இறங்கி, கோப்பையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். "பயனற்றதுன்னு போட்டிருக்கே?"

அந்த இடத்தில் சொல்லத்தக்க வாக்கியங்கள் எனக்கு நாலைந்து தெரியும். 'பயனாளிகளின் தற்காலிக ஏற்பாடு, சொத்தின் நிலையை மாற்றாது' என்று ஒன்றைச் சொல்லியிருந்தால், அடுத்து அவர் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருப்பார். வயலில் பாதிகூட நட்டு முடியவில்லை.

"ஊர்க்காரங்க சரி பண்ணிட்டாங்க சார்" என்றேன்.

"ரொம்ப நல்லது. மக்கள் பங்களிப்புன்னு அறிக்கையில சேத்துக்கலாம்." பட்டியலில் எங்கள் மதகின் மேல் கோடு இழுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பொறியாளருக்கு முகம் விழுந்துவிட்டது. "நல்லா இருக்குற மதகுக்கு இனிமே பராமரிப்புன்னும் கேக்க முடியாது சார். நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களே."

நான் பதில் சொல்வதற்குள் வயலிலிருந்து குரல் வந்தது. "சார், தண்ணி போதும்! நாத்து முழுகுது. ரெண்டு சுத்து இறக்கி விடுங்க!"

மதகடியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சக்கரத்தைப் பிடித்தோம். எந்தப் பக்கம் சுற்றினால் இறங்கும் என்பது இருவருக்குமே தெரியவில்லை. சேற்றுக் கையை உயர்த்தி, அவர்தான் காட்டினார்.