தங்கவேலு அன்பளித்த கம்ப்யூட்டர்

1. திங்கட்கிழமைத் தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில் புனே போபோடியில் ஒரு முதல் மாடி ஹாலில் எனக்கு ஒரு மேஜை இருந்தது. ஹாலே என்னுடையது என்று உறவினர்களிடம் சொல்லியிருந்தேன். ஒரு மேஜைக்கு மட்டும் வாடகை கொடுக்கும் ஜெனரல் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நான். இப்போது இதற்கு கோ-வொர்க்கிங் என்று பெயர் வைத்து காபி மெஷினும் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஹால், நாலு மேஜை, ஒரு டெலிபோன், அவ்வளவுதான்.

இரண்டாவது மேஜை ஷிண்டேவுக்கு. ரயில், பஸ் டிக்கெட் எடுத்துத் தருவார். மூன்றாவது மேஜையில் மீனாட்சி. கம்ப்யூட்டரில் தமிழ் டி.டி.பி. செய்வார். கட்கி, கோர்படி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கருமாதி கார்டு எல்லாம் அங்கேதான் பிறக்கும். நாலாவது மேஜை எங்கள் மூன்று பேரின் டிபன் டப்பாக்களுக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே டாங்கிலிருந்து வரும் பைப் ஞாயிற்றுக்கிழமை வெடித்திருக்கிறது. நேராக ஷிண்டேவின் மேஜை மீது கொட்டியிருக்கிறது. அந்த மேஜையில்தான் மீனாட்சியின் கம்ப்யூட்டர் இருந்தது. ஷிண்டேவிடம் யூ.பி.எஸ். இருந்ததால், கரன்ட் போகும் வாரங்களில் மெஷின் அங்கே குடிபோகும்.

மீனாட்சி சிபியுவைச் சாய்த்தார். தண்ணீர் குடம் கவிழ்த்த மாதிரி வந்தது.

"அண்ணே, பாலிசி இருக்குல்ல?"

"இருக்கு. டாங்க், பைப் வெடிச்சா கவர் உண்டு. கவலையே படாதீங்க" என்றேன். நான் இவ்வளவு நம்பிக்கையாகப் பேசும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று என் மனைவிக்குத் தெரியும். மீனாட்சிக்குத் தெரியாது.

அவர் கணவருக்கு கட்கி ஃபேக்டரியில் வேலை. மத்தியானம் போன் செய்தார். பேசிவிட்டு வைத்த மீனாட்சி, "க்ளெய்ம் வந்தா மேஜை இருக்கட்டும், வரலைன்னா ஹாலை விட்டுடுங்கிறார். இன்னொரு மெஷின் வாங்க எங்களால முடியாது அண்ணே" என்றார். ஐந்து பத்திரிகை ஆர்டர் அவர் கையில் இருந்தது. நான் மறுபடியும் "கவலையே படாதீங்க" என்றேன். இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.

2. பாத்திரக்கடை யோசனை

சத்தம் குறைந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

பொது ஹாலில் பொருள்கள் நடக்கும். ஷிண்டேவின் பஞ்சிங் மெஷின் என் மேஜைக்கு வரும், என் டேபிள் ஃபேன் மீனாட்சியிடம் போகும். யாரும் கேட்பதில்லை. ஆனால் நஷ்டம் வந்தால், அதை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வி, "இது யாருடையது?" அதற்குத்தான் இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட் என்று பெயர். பொருள் போனால் யாருக்கு வலிக்குமோ அவருக்குத்தான் பணம்.

மீனாட்சிக்குப் பாலிசி போட்ட புதிதில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவதில்லையா? அதே மாதிரி வெட்டிவிட்டால்? கட்கி பஜார் பாத்திரக்கடையில் பேர் வெட்டும் முருகேசனிடம் சொல்லி வைத்தேன். "ஹாலுக்குப் போய் மெஷின்ல எல்லாம் பேர் வெட்டிடுப்பா, காசு நான் தர்றேன்" என்றேன். அவன் வந்த அன்று நான் ரஞ்சன்காவில் ஒரு ஃபேக்டரியின் ஃபயர் பாலிசிக்காகப் போயிருந்தேன். மீனாட்சியும் ஷிண்டேவும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் முருகேசன் வேலையை முடித்துவிட்டான்.

திரும்பி வந்து பார்த்தால் மீனாட்சியின் சிபியு பக்கவாட்டில், பூ வேலையோடு, "தங்கவேலு அன்பளிப்பு." ஷிண்டேவின் ஃபேக்ஸ் மெஷினில் "தங்கவேலு அன்பளிப்பு." என் ஃபேனிலும் அதேதான். என் ஃபேனை எனக்கே அன்பளித்திருந்தேன்.

முருகேசன் அசரவில்லை. "காசு குடுக்கறவங்க பேரைத்தானே அண்ணே வெட்டுவோம்? இத்தனை வருஷத்துல வாங்கிக்கிறவங்க பேரை யார் வெட்டியிருக்கா?"

மீனாட்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றே அழித்து எழுதச் சொல்லியிருக்க வேண்டும். "விடுங்க, இங்க யார் தமிழ் படிக்கப் போறா" என்று விட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு தப்பு உண்டு. ப்ரபோசல் ஃபாரத்தில் சீரியல் நம்பர் எழுதாமல் "கம்ப்யூட்டர் செட் - 1" என்று எழுதினேன். மெஷின் வாங்கிய பில்லோ ஷிண்டேவின் பெயரில். அவருடைய மச்சான் கடை, அவர் பெயரில் வாங்கினால் டிஸ்கவுன்ட்.

ஆக பாலிசி மீனாட்சி பெயரில், பில் ஷிண்டே பெயரில், பொருளில் என் பெயர்.

3. சர்வேயர் வந்தார்

வந்தவர் தேஷ்பாண்டே. மெலிந்த மனிதர், பெரிய பை. அவர் பேசியது இந்தியும் மராத்தியும். இங்கே தமிழில் தருகிறேன்.

"மேஜை யாருது?"

"என்னுது" என்றார் ஷிண்டே.

"உங்களுக்குப் பாலிசி உண்டா?"

"எனக்கு கண்பதி பப்பா பாத்துக்குவார்."

"பில்லும் உங்க பேர்ல இருக்கு. பாலிசி இல்லாதவர் மெஷினுக்கு, பாலிசி இருக்கிறவர் க்ளெய்ம் பண்றாங்க. அப்படித்தானே?"

மீனாட்சி துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

தேஷ்பாண்டே சிபியுவைத் திருப்பினார். விரலால் எழுத்தைத் தடவினார். "இது என்ன மொழி? என்ன எழுதியிருக்கு?"

ஹாலில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் மீனாட்சியும் மட்டும்தான். "மீனாட்சி என்று எழுதியிருக்கிறது சார்" என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மீனாட்சி என்னைப் பார்த்தார். சொல்லச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு பொய் ரிப்போர்ட்டில் ஏறினால், பிறகு உண்மையைச் சொன்னாலும் அந்தப் பெண்ணை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

"என் பேர் சார். தங்கவேலு அன்பளிப்புன்னு எழுதியிருக்கு" என்றேன். பாத்திரக்கடைக் கதை முழுவதையும் சொன்னேன். என் ஃபேனையும் சாட்சிக்குக் காட்டினேன்.

தேஷ்பாண்டே ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவ்வளவு முட்டாள்தனமான பொய்யை யாரும் யோசித்துச் சொல்ல முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"எங்க வீட்டிலயும் ஒரு பெரிய பாத்திரம் இருக்கு. என் பெண்டாட்டியோட மாமா பேர் வெட்டியிருக்கு. அது மாமாவுதுன்னு சொன்னா எனக்கு அன்னைக்குச் சாப்பாடு கிடையாது" என்றார். பிறகு ஈரமான கீபோர்டைக் கையில் எடுத்தார்.

அதில் ஒவ்வொரு கீயிலும் மீனாட்சி தமிழ் எழுத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, மேலே செலோ டேப் ஒட்டியிருந்தார். தண்ணீரிலும் எழுத்து அழியவில்லை.

"மிஸ்டர் ஷிண்டே, இதுல ஏதாவது அடிங்க பார்க்கலாம்."

"எனக்கு இதைத் தொடவே பயம் சாப்."

"ஏஜென்ட் சாப், உங்க பேரோட முதல் எழுத்து?"

'த'வைத் தேடினேன். லக்ஷ்மி ரோட்டில் நிறுத்திய ஸ்கூட்டரைத் தேடுவது மாதிரி வரிசை வரிசையாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

தேஷ்பாண்டே கீபோர்டைத் தன் பையால் மூடினார். "தாயி, நீங்க. கையை உள்ள விட்டு இவர் பேரை அடிங்க."

மீனாட்சி பையின் அடியில் கையை நுழைத்தார். டக் டக் என்று ஆறேழு சத்தம். கடைசி கீயிலேயே விரல் நிற்கும்படி சொல்லி, தேஷ்பாண்டே பையை மெல்லத் தூக்கினார். "இது என்ன எழுத்து?" என்று என்னைக் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். "உ, சார். ல-வும் உ-வும் சேர்ந்தா லு. என் பேர் அதுலதான் முடியுது."

தேஷ்பாண்டே நோட்டில் ஏதோ எழுதினார். ஷிண்டேவிடம், மெஷினுக்குப் பணம் கொடுத்தது மீனாட்சிதான் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டார். ஷிண்டே டிக்கெட் புக் செய்யும் வேகத்தில் எழுதிக் கொடுத்தார். போகும்போது தேஷ்பாண்டே என் ஃபேனைக் காட்டி, "இதுக்குப் பாலிசி?" என்றார். இல்லை என்றேன். "நல்லது. இல்லன்னா யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு நான் விசாரிக்கணும்" என்றார்.

4. இப்போது தொழிலுக்கு வருபவர்களுக்கு

தேய்மானம் கழித்து க்ளெய்ம் வந்தது. ஐந்து பத்திரிகைகளில் நான்கு நேரத்துக்கு அச்சாயின. ஐந்தாவது கல்யாணமே தள்ளிப்போனது. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

ஒரே ஹாலில் பத்துப் பேர் உட்காரும் இடத்துக்குப் பாலிசி எழுதப் போனால், உட்கார்ந்த இடத்திலேயே ஃபாரத்தை நிரப்பாதீர்கள். எழுந்து போய் மெஷினைப் புரட்டி, சீரியல் நம்பரைப் பாருங்கள். பில் யார் பெயரில் என்று கேளுங்கள். எந்தப் பொருள் எந்த மேஜைக்கு நடந்து போகும் என்று கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். அன்றைக்கு நான் இதையெல்லாம் கேட்டிருந்தால், ஒரு பெண் பைக்கு அடியில் கையை விட்டுத் தன் மெஷின் தன்னுடையதுதான் என்று காட்ட வேண்டி வந்திருக்காது.

க்ளெய்ம் வந்த வாரம் மீனாட்சி எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். இன்றும் அதில்தான் சாயா குடிக்கிறேன். முருகேசன் பக்கத்திலேயே நின்று, வாசகத்தைத் தானே எழுதிக் கொடுத்து வெட்ட வைத்தாராம்.

"உரிமையாளர்: தங்கவேலு. இது அன்பளிப்பு அல்ல."