லிட்டருக்குப் பதினாலு

காலை 5.40. படாளம் கூட்ரோட்டில் எங்கள் பிக்கப் கிளம்பியபோது இன்னும் விடியவில்லை. 2003, பிப்ரவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. செங்கல்பட்டில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். போகிற இடம் கோவளம். பிக்கப்பில் போய், எட்டுப் பேர் உட்காரும் வேனில் திரும்புவது திட்டம். வண்டிக்கு வண்டி மாற்று, மேலே நாங்கள் பன்னிரண்டாயிரம் தருவது என்று பேசி முடித்திருந்தோம். ஆனால் திட்டத்துக்கு நடுவில் ஒரு நிபந்தனை இருந்தது. அதைப் போட்டவர் என் கணவர் டேனியல்.

"நல்லா கேட்டுக்கோ டீச்சர். வேன் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் குடுக்கணும். ஒரு புள்ளி கொறஞ்சாலும் இதே வண்டியில திரும்பிடுவோம். அப்பறம் மூஞ்சிய தூக்கி வச்சிக்கக் கூடாது" என்றார்.

வீட்டில் என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும்தான் பெயர் வரும்.

பிக்கப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்னால் மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரலாம். பின்னால் திறந்தவெளி. ஏழு வருடம் காய்கறி, உரமூட்டை, பந்தல் சாமான் என்று ஏற்றி எங்களுக்குச் சோறு போட்ட வண்டி. குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடும்பத்தில் நாங்கள் ஆறு பேர். கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் மாமனாரும் மாமியாரும் பெரிய மகள் ஸ்டெல்லாவும் பின்னால். என் அப்பாவும் மாமனாரும் பிறர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். நடவுக்கு ஆள் ஏற்றிப் போவதைப்போல மாமனார் மாமியாரை இன்னமும் பின்னால் நிறுத்திக்கொண்டு போவது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன ஆவணியில் மதுராந்தகத்திலிருந்து ஒரு கல்யாணம் முடிந்து வரும்போது பின்கதவின் கொக்கி கழன்று, ஸ்டெல்லா ரோட்டில் விழுந்தாள். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டார். தாடையில் மூன்று தையலோடு தப்பித்தாள். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி என் பிள்ளைகள் அதில் ஏறாது என்று. அதற்குப் பிறகு ஆறு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. பாதிப் பேர் பஸ்ஸில், பாதிப் பேர் பிக்கப்பில், இல்லாவிட்டால் பாதிப் பேர் வீட்டில்.

டேனியலுக்கு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் டிரைவர் வேலை கிடைத்து ஒரு வருடமாகிறது. பிக்கப்புக்கு ஞாயிற்றுக்கிழமை லோடு மட்டும்தான். வேன் இருந்தால் கூட வேலை செய்கிற ஐந்தாறு பேரைத் தினமும் ஏற்றிக்கொண்டு போகலாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகிவிடும். பதினாலு கொடுத்தால் கட்டும், இல்லாவிட்டால் கைக்காசு போகும் என்பது அவர் கணக்கு. இன்னொன்றும் உண்டு. "பொண்டாட்டி பேச்சக் கேட்டு சோறு போட்ட வண்டிய விக்கிறான்" என்று அவருடைய அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் டேனியல் சவால் விட்டிருந்தார்: பதினாலு வந்தால் மட்டும்தான் மாற்றுவேன் என்று.

6.05. பாலாற்றுப் பாலம். ஆறு என்று சொல்லிக்கொள்ள மணல் இருந்தது. 6.15க்குச் செங்கல்பட்டு, எங்கள் மீட்டர்படி பதினேழு கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீ இரண்டரை ரூபாய், சர்க்கரை மட்டும் தாராளம். என் கையில் இருந்த நாற்பது பக்க நோட்டைப் பார்த்து டேனியல் சிரித்தார்.

"இன்னா டீச்சர், பரீட்சை மேற்பார்வைக்கா வர?"

"ஆமாம். காப்பி அடிச்சா பிடிச்சிடுவேன்" என்றேன்.

6.50. திருக்கழுக்குன்றம். மலைமேல் வெயில் ஏறிவிட்டது, கீழே கடைத்தெருவில் இன்னும் நிழல். அங்கிருந்து மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டர். ஊருக்குள் நுழையும் முன்பே உளிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ரோட்டோரப் பட்டறைகளில் பாதி செதுக்கிய பிள்ளையார்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. நாங்களும் அதற்கு வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். அந்தச் சாலையில் போகும்போது பிக்கப்புக்குக்கூட ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது.

8.00. கோவளம். வேனின் சொந்தக்காரர் ஜமால் பாய் வீடு மீன் ஏலம் போடும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. மீனை ஐஸ் பெட்டியில் வைத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவர். மகன்கள் இருவரும் துபாயில், மகள்களுக்குக் கல்யாணமாகிவிட்டது. குடும்பத்துக்காக வாங்கிய வேனில் இப்போது அவரும் மனைவியும் மட்டும். மீனுக்கோ தினமும் வாடகை வண்டி. வேன் வாசலில் நின்றது. வெள்ளை நிறம், துடைத்துத் துடைத்து ஓரங்களில் பெயிண்ட் தேய்ந்திருந்தது. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அதை முகத்தில் காட்டக் கூடாது என்று டேனியல் சொல்லியிருந்ததால் டயரைப் பார்த்தேன்.

இட்லியும் மீன் குழம்பும் வைத்தார்கள். பாயின் மனைவி மைமூன் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உனுக்கு எத்தினி புள்ளைங்க தங்கச்சி?" என்று கேட்டார். இரண்டு பெண் என்றேன். "அப்ப ஜன்னல் சீட்டுக்கு சண்டை வராது. எனுக்கு அஞ்சு. தெனம் பஞ்சாயத்து தான்" என்றார்.

மைலேஜ் பேச்சு வந்ததும் பாய் நெஞ்சை நிமிர்த்தினார். "எட்டு வருசமா ஓட்டிகினு கீறேன் தம்பி. பதினாறுக்கு கொறஞ்சதே இல்ல."

"காலி வண்டிக்கு யாரும் பதினாறு சொல்லுவாங்க பாய். ஆளு ஏத்திகினு பாக்கணும்" என்றார் டேனியல்.

நியாயம்தான். பாய் வாசலில் நின்று இரண்டு பேரைக் கூப்பிட்டார். நான்கு பேர் வந்தார்கள். மாமல்லபுரம் வரை சும்மா போய் வரலாம் என்றால் யார் விடுவார்கள்? பாயின் தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டு அம்மாக்கள் இருவர், மைமூன் அக்கா, பாய், நாங்கள் இருவர். எட்டு சீட்டும் நிறைந்தது.

9.15. பங்க்கில் டேங்க் நிறைய பெட்ரோல். நான் மீட்டரை நோட்டில் எழுதினேன். பாய் ஓட்டினார். ஜன்னல் பக்கம் மைமூன் அக்கா தலையை வெளியே நீட்டாத குறையாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பாலம் இறங்கும்போது வண்டி சத்தமில்லாமல் மிதப்பதுபோல் போனது. டேனியல் திரும்பிப் பார்த்தார்.

"பாய், நியூட்ரல்ல உட்றியா?"

"பழக்கம் தம்பி."

"மைலேஜ் வண்டி குடுக்குதா, எறக்கம் குடுக்குதா?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. பாய் கியரைப் போட்டார். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, யாரும் இறங்காமல் திரும்பினோம். போக வர முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

10.30. அதே பங்க். எல்லோரும் இறங்கி நிழலில் நின்றார்கள். டேனியல் குழாய் பக்கத்தில் நின்றுகொண்டு, பாயின் தம்பியை அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, இரண்டு பேரும் வண்டியைப் பிடித்து இப்படியும் அப்படியும் குலுக்கினார்கள். "ஊத்து, இன்னும் போவும். கழுத்து வரைக்கும் ஊத்து" என்றார். குலுக்கக் குலுக்கப் போய்க்கொண்டே இருந்தது. பங்க் மீட்டரில் 4.2 லிட்டர் என்று நின்றது.

நோட்டில் வகுத்தேன். இன்னொரு முறையும் வகுத்தேன். ஒன்பது வந்தது.

"ஒம்போது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒம்போதா?" பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா டீச்சர், உன் கணக்குல மண்ணு உழ! லாரி கூட ஒம்போது குடுக்காதா? என்னைப் பொய்யன்னு சொல்றியா?"

"அவங்கள ஏன் பேசற பாய்? மீட்டர் சொல்லுது" என்றார் டேனியல். அதற்குமேல் சண்டை போடவில்லை. வீட்டு வாசலில் நின்ற பிக்கப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. பங்க் என்றும் பார்க்காமல், அத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மறுபடியும் மாமனார் பின்னால் நிற்பார். மறுபடியும் பாதிக் குடும்பம். ஒன்பது என்ற எண்மேல் அன்றைக்கு எனக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆனால் முப்பத்தைந்து பிள்ளைகளின் தப்புக் கணக்கைத் தினமும் திருத்துகிறவள் நான். விடை இவ்வளவு கோணலாக வந்தால் வகுத்தலில் தப்பு இருக்காது, எழுதிக்கொண்டதில் இருக்கும். முதலில் என்ன செய்தோம், பிறகு என்ன செய்தோம் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். காலையில் ஊற்றும்போது எட்டுப் பேரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். குழாய் தானாக நின்றதும் பங்க்காரர் மூடியைப் போட்டுவிட்டார். இப்போதோ வண்டியைக் குலுக்கிக் கழுத்துவரை ஊற்றியிருக்கிறது.

"ஏங்க, நில்லுங்க!" என்று கத்தினேன். ரோட்டில் இரண்டு சைக்கிள்காரர்கள் நின்றார்கள். டேனியலும் நின்றார்.

"வண்டிய ஏன் குலுக்கினீங்க?"

"நொர அடங்கி முழுசா எறங்கறதுக்குத் தான். எப்பவும் அப்படித் தான் போடுவேன்."

"காலையில குலுக்கினீங்களா?"

எங்கள் பிக்கப் டீசல். டீசல் வண்டிக்காரர்களின் பழக்கம் அது. டீசல் நுரைத்துக்கொண்டு மேலே வரும், குலுக்கினால் அடங்கும், இன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஏழு வருடப் பழக்கத்தில் அவர் கை தானாகப் போய்விட்டது. காலையில் ஆட்கள் உள்ளே இருந்ததால் கை போகவில்லை. கூடுதலாகப் போன பெட்ரோல் எரிந்து போகவில்லை, டேங்க்கில்தான் இருக்கிறது.

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேஜாருப்பா உன்னோட! எண்ணெ வண்டிக்காரன் கையில பெட்ரோல் வண்டிய குடுத்தா இப்படித் தான்."

"மறுபடியும் போலாம். இப்ப கழுத்து வரைக்கும் கீது. திரும்பி வந்தும் கழுத்து வரைக்கும் போடுவோம். இந்த வாட்டி நான் ஓட்றேன்" என்றார் டேனியல்.

எட்டுப் பேருக்கும் இரண்டாவது முறை மாமல்லபுரம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாக்கள் இந்த முறை வேர்க்கடலை வாங்கிக்கொண்டு ஏறினார்கள். வெயில் ஏறியிருந்தது. டேனியல் ஐம்பதில் வைத்து ஓட்டினார், ஒரு இறக்கத்திலும் நியூட்ரல் போடவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரே ஒரு பாலத்திலாவது போட்டுத் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது. மைமூன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனுக்கு மனசே இல்ல தங்கச்சி. ஆனா ஐஸ் தண்ணி ஒழுவற வண்டியில புள்ளைங்கள ஏத்தக் கூடாது பாரு, அதான் இதுவரிக்கும் இதுல மீன் ஏத்த உடல. இனிமே யாருக்காவ வச்சிக்கினு கீறது? நீயே எடுத்துகினு போ" என்றார்.

12.20. பங்க். எல்லோரும் இறங்கினோம். இரு பக்கமும் பிடித்துக் குலுக்கினார்கள். பங்க் மீட்டரை நான் பார்த்தேன், டேனியலும் பார்த்தார். 2.8 லிட்டர். கழுத்தில் பெட்ரோல் தெரிந்தது.

நோட்டில் வகுத்தேன். முப்பத்தெட்டை இரண்டு புள்ளி எட்டால் வகுத்தால் பதிமூன்று. மீதி. அப்புறம் ஐந்து, அப்புறம் ஏழு. பதிமூன்று புள்ளி ஐந்து ஏழு.

பதினாறு வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கால் மார்க்குக்காக என்னோடு சண்டை போட்ட பெற்றோர் உண்டு, ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். டேனியல் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே, "எவ்ளோ டீச்சர்?" என்றார்.

"பதினாலு."

நோட்டை மூடிவிட்டேன்.

"பதினாலாம் பாய். சாவியக் குடு" என்றார் டேனியல்.

மதியம் 2.30க்குள் கையெழுத்து எல்லாம் முடிந்தது. டேனியல் பிக்கப்பிலிருந்து எங்கள் தார்ப்பாயை மட்டும் எடுத்துக்கொண்டார், கயிற்றை விட்டுவிட்டார். கிளம்பும் முன் அதன் பானட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். மைமூன் அக்கா வேன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "உங்க வழக்கம் தான?" என்றார். பழம் நசுங்கியதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கேளம்பாக்கம், திருப்போரூர், செங்கல்பட்டு என்று திரும்பும் வழி. கேளம்பாக்கத்தில் புதுக் கட்டடங்களுக்கு ஜல்லி ஏற்றிய லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. திருப்போரூர் தாண்டியதும் ரோடு காலியானது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பிக்கப்பில் ஏழு வருடமாக நாங்கள் கத்தித்தான் பேசிக்கொண்டோம். எஞ்சின் போடுகிற சத்தம் அப்படி. இந்த வண்டியில் மெல்லப் பேசினாலே கேட்கிறது. பின்னால் ஆறு காலி சீட்டுகள். யார் எங்கே உட்காருவார்கள் என்று மனதுக்குள் இரண்டு முறை மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. என் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் நோட்டை மட்டும் பைக்குள் அடியில் தள்ளினேன்.

"டீச்சர்" என்றார் டேனியல்.

"ம்."

"பதிமூணரை தான வருது?"

மறைக்க இனி என்ன இருக்கிறது? "பதிமூணு புள்ளி அஞ்சு ஏழு" என்றேன். "தெரிஞ்சிக்கினே ஏங்க சாவி வாங்கினீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டார்.

"நானும் தான் மீட்டரப் பாத்துகினு நின்னேன். நீ எங்க நெஜத்தச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றார்.