பல்லுக்கு ஒரு ப, பஸ்ஸுக்கு ஒரு ப

காரை நான் வீட்டிலேயே பழுதுபார்ப்பதற்குச் சிக்கனம்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒர்க் ஷாப்புக்குப் போனால் அங்கே இருப்பவர், "என்ன கம்ப்ளைன்ட்?" என்று கேட்பார். சுற்றி நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டும். அதுதான் உண்மையான காரணம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது எனக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. இனிமேல் யாரும் எழுந்து நின்று பதில் சொல் என்று சொல்ல மாட்டார்கள்.

மைசூரில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் எனக்குப் பெட்டி கட்டும் வேலை. முதலாளி புதுக் கார் வாங்கிய பிறகு பழையது குடோனில் நின்றது. அதன் மேல் நாங்கள் அட்டைப் பெட்டிகளை அடுக்கினோம். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஓட்டத் தெரிந்தால் நீயே எடுத்துக்கொண்டு போ என்று ஒருநாள் முதலாளி சொன்னார். டெலிவரி வேன் டிரைவர் லீவு போடும் நாட்களில் நான்தான் வேன் ஓட்டுவேன். ஆகவே எடுத்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு கழுவியும் காரிலிருந்து பத்தி வாசனை போகவில்லை. ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

வேலையை அந்த வேன் டிரைவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அவர் எதையும் விளக்க மாட்டார், நான் எதையும் கேட்க மாட்டேன். இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. ஒருநாள் ஜாக்கி சரிந்து, வேனுக்கு அடியில் இருந்த அவருடைய ஸ்பேனர் பெட்டி அப்பளமாகிவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் அவர் படுத்திருந்தார். டீ வந்ததால் எழுந்து போயிருந்தார். அன்றைக்கு நான் மனத்தில் எழுதிக்கொண்டது இது: ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. தாங்குவதற்குக் கட்டை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டீ வராது.

அந்த வருஷம் எனக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகப் பிழைத்தால் மாதேஸ்வரன் மலையில் முடி இறக்குவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். பிழைத்துவிட்டாள். ஆனால் மலைக்குப் போக முடியவில்லை. பஸ் வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் அவளுக்கு வாந்தி வந்துவிடும். இரண்டு தடவை பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். கார் வந்த பிறகு அவளுக்கு நம்பிக்கை வந்தது. காரில் போனால் வாந்தி வராது என்று அவளிடம் யார் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை. வரும் என்றும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை போவதாக முடிவு செய்தோம். அவள் நாலு நாள் முன்னதாகவே கௌதள்ளியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அது மலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு பஸ் நிற்கும் இடத்தில் மஞ்சள் சேலை கட்டி நிற்பேன், காரில் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை சாயந்திரம் காரைக் கழுவும்போது இடது பக்கப் பின்சக்கரத்தின் உள்புறம் ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் என்று நினைத்துத் தொட்டேன். விரல் வழுக்கியது. பிரேக் ஆயில். சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. கடை மூடுவதற்குள் ஓடிப் போய்ப் புதுக் கப்பும் ஒரு டின் ஆயிலும் வாங்கினேன். முன்பு ஒரு தடவை மாற்றிய பழைய கப் வீட்டில் இருந்தது. அதைக் கல்லாவின் மேல் வைத்தால் போதும், பேச வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். வாசலில் சமதரையாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினேன். தூக்கிய பிறகு அழுத்தித் திருப்பினால் வண்டி ஆடும். ஜாக்கியில் தூக்கி, அடியில் பலாக்கட்டை ஒன்றைக் கொடுத்தேன். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளிவைத்தேன். கட்டை ஏமாற்றினாலும் சக்கரம் ஏமாற்றாது. புதுக் கப்பைப் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, வண்டியை இறக்கினேன். பத்து மணிக்கு முடிந்துவிட்டது.

ஆனால் பிரேக் குழாயை ஒரு தடவை திறந்தால் உள்ளே காற்று போய்விடும். அந்தக் காற்றை எடுக்காவிட்டால் பெடல் ஈரத்துணியை மிதித்த மாதிரி அமுங்கிக்கொண்டே போகும், வண்டி நிற்காது. மைசூர் சமவெளியில் அப்படி ஒரு வண்டியைக் கியரை வைத்தும் சாமியை வைத்தும் ஓட்டிவிடலாம். மலையிலிருந்து இறங்கும்போது முடியாது.

காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மூன்று தடவை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்தால், அதில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக ஆயிலும் காற்றுக் குமிழும் பாட்டிலுக்குள் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முன்னாலேயே விட்டால், வெளியே வந்த காற்று அப்படியே உள்ளே போய்விடும்.

இரண்டாவது ஆளை எப்படிக் கேட்பது என்று முக்கால் மணி நேரம் யோசித்தேன். அந்த நேரத்தில் காரின் கண்ணாடிகளையெல்லாம் துடைத்தேன். கடைசியில் மாடியிலிருந்து வீட்டு ஓனரே இறங்கி வந்து, "ஏனப்பா, கார் சுத்தமாயிடுச்சு, இன்னும் எதுக்குத் துடைக்கறே?" என்று கேட்டார்.

அவர் கன்னடக்காரர். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வேலையில் சேர்வதற்கு முன்னால் மூன்று வருஷம் சேலத்தில் மாமா கடையில் இருந்தாராம். அதனால் என்னோடு தமிழில்தான் பேசுவார். நான் கன்னடத்தில் ஆரம்பித்தால், அவருடைய தமிழ் போதவில்லை என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்வார். ஆகவே எங்கள் வீட்டு வாசலில் கன்னடக்காரர் தமிழ் பேசுவார், கன்னடம் நன்றாகத் தெரிந்த நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தார். உள்ளே ஆள் இருக்கும்போது வண்டி ஜாக்கியில் நிற்கக் கூடாது. அதனால் நாலு சக்கரமும் தரையில் இருக்க, நான் சாக்கை விரித்துப் பக்கவாட்டில் படுத்து, கையை மட்டும் சக்கரத்துக்குப் பின்னால் விட்டேன். "அழுத்துங்க" என்றால் மூன்று தடவை அழுத்த வேண்டும், மற்றதை அவ்வப்போது சொல்கிறேன் என்றேன். மற்றது இரண்டே சொல்தான். "பிடிங்க", "விடுங்க."

இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்து நாலு சக்கரமும் முடித்தோம். பெடலை மிதித்துப் பார்த்தேன். ஈரத்துணி. திரும்பவும் நாலு சக்கரம். ஈரத்துணி. இரண்டாவது சுற்றில் கவனித்துவிட்டேன். நிப்பிளைத் திறந்ததும் குமிழ்கள் குழாய்க்குள் வரிசையாக வந்தன. வந்து, சற்று நின்று, வந்த வழியே திரும்பிப் போயின. உள்ளே அவர் காலை எடுத்துவிடுகிறார்.

அதை அவரிடம் சொல்ல வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வயதில் பெரியவர். வீட்டு ஓனர். ஞாயிற்றுக்கிழமை, எனக்காக வேட்டியை மடித்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கால் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் மூன்றாவது சுற்றை ஆரம்பித்தேன். இந்தத் தடவை "பிடிங்க" என்பதை இன்னும் மரியாதையாக, இன்னும் தெளிவாகச் சொன்னேன். குமிழ்கள் முன்னைவிட வேகமாகத் திரும்பிப் போயின.

வடிய வடியப் புது ஆயில் ஊற்றிக்கொண்டிருந்த டின்னைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் அளவு ஆயில் இருந்தது. பாட்டிலில் வடிந்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் வரும். அது போனால், எட்டு மணிக்கு மஞ்சள் சேலையோடு நிற்கிறவளிடம் திரும்பவும் பஸ்ஸில் போகலாம் என்று சொல்ல வேண்டும். அல்லது ஒன்றும் சொல்லாமல் அவளை இந்தக் காரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பேசாமலிருந்தே காலம் தள்ளுகிறவன் இரண்டாவதைத்தான் செய்வான் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

எழுந்து, கை துடைத்து, டிரைவர் ஸீட் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அப்படி நின்றதில்லை.

"சார், காலை எடுத்துடறீங்க. எடுக்கக் கூடாது. நாளைக்கு இதுல என் வீட்டுக்காரி மலைக்கு வரணும்."

அவர் கோபிக்கவில்லை. குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நீதானேப்பா எடுக்கச் சொல்றே. ஒரு தடவை இல்லே, ரெண்டு தடவை சொல்றே. முதல்ல 'பிடி'ங்கறே, விட்டுடறேன். அப்புறம் 'விடுங்க'ங்கறே. இன்னும் எதை விடறது? அங்கே என் கால் ஒண்ணுதானே இருக்கு?"

கன்னடத்தில் 'பிடி' என்று, பஸ்ஸுக்கு வரும் ப போட்டுச் சொன்னால், விடுங்கள் என்று அர்த்தம். மரியாதையான சொல்தான். தமிழில் பல்லுக்கு வரும் ப போட்டுச் சொன்னால் பிடித்துக்கொள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ப. எழுதினால் இரண்டும் ஒன்றுதான். சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தொண்டை திறக்காத ஒருவன் சொன்னாலும் இரண்டும் ஒன்றுதான்.

வீட்டில் நான் 'பிடி' என்று சொல்வதே இல்லை. 'புடி' என்றுதான் சொல்வேன். பெரியவரிடம் கொச்சையாகப் பேசக் கூடாதென்று, யோசித்து, திருத்திச் சொன்னேன். அதை அவரிடம் சொன்னேன்.

"புடின்னு சொல்லியிருந்தா புடிச்சிருப்பேனே. சேலத்துல எல்லாரும் புடின்னுதான் சொல்வாங்க. நீ எதுக்கு ரேடியோவுல நியூஸ் படிக்கற மாதிரி பேசறே?" என்றார்.

நாலாவது சுற்றில் "புடிங்க" என்றேன். பிடித்தார். நிப்பிளை மூடிவிட்டு "விடுங்க" என்றேன். "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்டார். குமிழ்கள் வந்தன, திரும்பிப் போகவில்லை. கடைசிச் சக்கரம் முடிந்தபோது டின்னில் ஒரு ஸ்பூன் மிச்சம் இருந்தது. பெடல் பாதி வழியில் கல்லைப் போல் நின்றது.

சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிஷம் பெடலை அழுத்தியபடியே இருந்தேன், பெடல் கீழே இறங்கவில்லை. பிறகு தெருவுக்குள் நடை வேகத்தில், பிறகு சாமுண்டி மலையில் பாதி ஏறி இறங்கிப் பார்த்தேன். ஓனரும் கூட வருவதாகச் சொன்னார். பிரேக் சோதிக்கும்போது இன்னொருவரை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரே நாளில் அவரிடம் இரண்டு தடவை கூடாது என்று சொன்னது எனக்கே ஆச்சரியம்.

திங்கட்கிழமை அவள் சொன்ன இடத்தில், சொன்ன சேலையில் நின்றாள். மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தாள். இந்தத் தடவை திரும்பிப் போக எதிர் பஸ்ஸைத் தேடவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறிக்கொண்டாள். மலையில் முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கார் அப்போது இன்னும் அதிகமாகக் கோயிலைப் போலிருந்தது.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தேன். ஒரு வளைவில் பஸ் ஒன்று பாதை முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தது. மிதித்தேன். மிதித்த இடத்தில் கார் நின்றது. பஸ் எங்களை உரசாமல் கடந்து போயிற்று. அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். ஒரு கையால் கதவைத் திறந்துகொண்டே, மறு கையால் பிரசாதப் பையை என் பக்கம் நீட்டினாள்.

"ஏனுங்க, இதச் சித்தெப் புடிங்க."

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை பையையும் விடவில்லை, பெடலையும் விடவில்லை.