ஆட்சேபணை எழாத ஊர்

எங்கள் இதழின் அலுவலகக் கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில், கை ஒலிபெருக்கி ஒன்று தொங்குகிறது. இதழை நடத்தியவரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் அதை முரசுமோட்டையில் ஒரு மீன் வியாபாரியிடம் பழசாக வாங்கினார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் மீன் விற்கும்போது போடும் இசை வரும். வயல் செய்யும் கமக்காரர் கூட்டமொன்றின் நடுவில் அது ஒருமுறை பாடிவிட்டது. அன்றே பொத்தானின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரை ஒட்டிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நாங்கள் அதை உரிக்கவில்லை. கதவைச் சாத்தும்போதெல்லாம் ஒலிபெருக்கி சுவரில் இடித்துச் சத்தம் எழும். யாரோ பேசத் தொடங்குமுன் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பொதுக் காரியங்களில் சாதாரண மக்கள் எப்படிப் பங்கெடுக்கிறார்கள் என்று ஆராயும் கல்விசார் இதழ் எங்களுடையது. கிளிநொச்சியில் இரண்டு அறைகளுக்குள் அதை நடத்துகிறோம். அந்த நாட்களில் மிஸ் முதன்மை ஆசிரியர், நான் துணை ஆசிரியர். அச்சகம், பல்கலைக்கழகம், கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் இழுத்துச் சுமந்த நண்பர் நிர்வாக ஆசிரியர். மூவரும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காதவர்கள். எங்கள் வான் வண்டியை ஓட்டிய அண்ணையின் பெயர் ஆசிரியர் குழுவில் அச்சாகவில்லை என்றாலும், கூட்டங்களில் எங்களைவிட அதிகம் அபிப்பிராயம் சொன்னவர் அவர்தான்.

மற்ற இதழ்களில் கட்டுரையை இரண்டு அறிஞர்கள் படித்துப் பார்த்தால் போதும். மிஸ்ஸுக்குப் போதாது. எந்த ஊரைப் பற்றிய கட்டுரையோ, அந்த ஊரில் போய் நின்று, ஒலிபெருக்கியில் முழுவதையும் வாசிப்பார். முடிவில், “உதிலை பிழை ஏதும் இருக்கோ? சொல்லுங்கோ, கேக்கிறம்” என்பார். பிறகு வாயைத் திறக்கமாட்டார். யாராவது ஒருவர் சரியென்றோ பிழையென்றோ சொல்லும்வரை நிற்பார். பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுக்கக் கூடாதென்பது அவருடைய பிடிவாதம். ஸ்கந்தபுரத்தில் வெயிலுக்குள் அவர் நின்ற நிலையைப் பார்த்துப் பாவப்பட்டே ஒரு பெண், “எல்லாம் சரி மிஸ், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ” என்றாள். எனக்கு அப்போது இதெல்லாம் கூத்தாகத்தான் தெரிந்தது.

வில்லங்கம் நிர்வாக ஆசிரியரின் கட்டுரையோடு வந்தது. நாயாற்றுக்குப் போகும் வழியில் காட்டுப் பக்கம் திரும்பும் ஒரு சிற்றூர். அங்கிருந்த குடும்பங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் கூடி, வேறிடத்துக்குப் போக ஒருமனதாக உடன்பட்டார்களாம். மக்கள் தாமே முடிவெடுத்ததற்கு அது நல்ல உதாரணம் என்று அவர் எழுதியிருந்தார். பேராசிரியர் பதவிக்கு அவருக்கு அந்தக் கட்டுரை வேண்டும். அறிஞர்கள் இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். மிஸ் ஒலிபெருக்கியை எடுத்தார்.

“அங்கை ஆர் இருக்கினம் கேக்க? சனம் திக்குத் திக்காப் போட்டுது” என்றார் நண்பர்.

“ஊர் இருக்குத்தானே” என்றார் மிஸ்.

உச்சி வெயிலில் போய் இறங்கினோம். கண்ணிவெடி அகற்றியவர்கள் நட்டுவிட்டுப் போன கட்டைகளுக்கு நடுவே பாதை போனது. பாலை மரங்கள் வீடுகளை விழுங்கியிருந்தன. மண்டபத்தில் மிஞ்சியது சீமெந்துத் தரை மட்டும். அதன் வெடிப்புகளில் புல் நின்றது. வரும் வழியெல்லாம் கத்திய குரங்குகள் அங்கே கத்தவில்லை. காற்றும் இல்லை. மிஸ் தரையின் முன்பக்கத்தில் நின்று, ஆட்கள் இருப்பதுபோலவே ஒரு வணக்கம் சொல்லி வாசிக்கத் தொடங்கினார். அவர் குரல் மரங்களில் பட்டுத் திரும்பியபோது இன்னொரு பெண் பின்னால் நின்று வாசிப்பதாகப் பட்டது. நான் நகைப்பதற்கு நண்பரின் முகத்தைத் தேடினேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம். “கூட்டத்தில் ஆட்சேபணை எதுவும் எழவில்லை.” மிஸ் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

தரையின் பின்மூலையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. முதலில் கட்டையாக ஒன்று. கொஞ்சம் பொறுத்து, தொண்டையின் அடியிலிருந்து நீளமாக இன்னொன்று. கூட்டத்தில் பேச எழும்புகிறவர் செருமுவாரே, அந்தச் செருமல். அங்கே ஒருவரும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயத்தில் அண்ணையின் கையைப் பிடித்துவிட்டேன். அவர் கையும் குளிர்ந்திருந்தது.

“குரங்கு” என்றார் நண்பர்.

மிஸ் அந்த மூலையைப் பார்த்து, “சொல்லுங்கோ, கேக்கிறம்” என்றார். நிழல் நீளும்வரை நின்றார். வேறு சத்தம் வரவில்லை. வானில் ஏறியபின், “ஒராள் கதைக்க எழும்பினவர். கதைச்சு முடிக்கேல்லை. அதுவரைக்கும் உந்தக் கட்டுரையைப் போடேலாது” என்றார். பேய்க்கதையை நம்பி ஆய்வுக்கட்டுரையை நிறுத்தும் இதழ் உலகத்திலேயே இதுதான் என்று நண்பர் கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. எங்கள் குழு பாதியாகப் பிளந்தது. பல்கலைக்கழகத்தில் எங்களைக் கண்டால் இருமிக் காட்டிச் சிரித்தார்கள்.

மிஸ் அசையவில்லை. அந்த ஊர்ச் சனம் சிதறிப்போன இடமெல்லாம் வானில் அலைந்தார். வவுனியாவில் ஒரு வீட்டில் தேத்தண்ணீர் குடித்தபடி, “உங்கடை ஊரிலை உப்பிடி ஆர் செருமிறது?” என்று தானே செருமிக் காட்டினார். வீட்டுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆளை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் அவர் உடம்பில் இருந்த வருத்தம் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும், “ஆள் அம்பிட்டுதோ சேர்?” என்றுதான் என்னிடம் கேட்டார். அவர் பெயருக்குக் கீழே இருந்த என் பெயர் அடுத்த இதழில் மேலே ஏறியது. அதில் எனக்கு ஒரு சொட்டு மகிழ்ச்சியும் இருக்கவில்லை.

அண்மையில் அந்த ஊர்ச் சனத்துக்குத் திரும்பிப் போக அனுமதி கிடைத்தது. தகரக் கொட்டில்கள் எழும்பின. நண்பர்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “வாங்கோ சேர், போய் வாசிச்சு முடிப்பம்” என்றார். அவர் தன் கட்டுரையை மீளப் பெறவும் இல்லை, வேறெங்கும் கொடுக்கவும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

புல் செதுக்கிய அதே தரையில் சனம் இருந்தது. நான் வாசித்தேன். மிஸ்ஸின் குரல் திரும்பி வந்த மரங்களிலிருந்து என் குரலும் வந்தது. கடைசி வரி முடிந்து, கேள்வியைக் கேட்க நான் இன்னும் வாய் திறக்கவில்லை. பின்மூலையில் ஒருவர் எழும்பினார். கட்டையாக ஒன்று செருமினார். கொஞ்சம் பொறுத்து, தொண்டையின் அடியிலிருந்து நீளமாக இன்னொன்று.

வானுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டார். நண்பர்தான் என் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கி, வேர்த்து விறுவிறுத்து, அந்த மனிதரிடம் போய் நீட்டினார்.

“சொல்லுங்கோ” என்றார். “கேக்கிறம்.”

அந்த மனிதர் ஒலிபெருக்கியையும் அதில் கறுத்துப்போயிருந்த பிளாஸ்ரரையும் பார்த்தார். கையை நீட்டவில்லை.

“உது வேண்டாம். அண்டைக்கும் உப்பிடி ஒண்டைக் கூட்டம் நடத்தினவை கையிலை வைச்சிருந்தவை. நான் இந்த இடத்திலைதான் எழும்பினனான் ஐயா, போகமாட்டம் எண்டு சொல்ல. செருமி முடிக்க முன்னம் கூட்டம் முடிஞ்சுது எண்டிட்டினம்.”